என் பட்ஜெட்டில் கூரை இல்லை

காபி கொடுத்து, முறுக்கும் வைத்து, "பிள்ளைக்குப் பால் ஆத்தவா?" என்று கேட்கிறவர்களிடம், "உங்கள் வீட்டுக் கூரை தாங்குமா, விழுமா?" என்று எப்படிக் கேட்பது? ஏழு மாதமாக யோசிக்கிறேன். மரியாதையான வாக்கியம் ஒன்றுகூட அமையவில்லை.

விளாங்குடியில் அந்தப் பழைய வீட்டைப் பார்க்க நானும் கணவரும் மூன்று முறை போனோம். நான் எதையும் சரிபார்க்காமல் விடுகிறவள் இல்லை. (கேஸை அடைத்தோமா என்று பார்க்க மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு திரும்பி, ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டவள்.) வில்லங்கச் சான்றிதழை வரிவரியாகப் படித்தேன். போர் தண்ணீரை மூன்று முறையும் குடித்தேன். நல்ல தண்ணியா, உப்புத் தண்ணியா என்பதுதானே இங்கே எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி. செலவுக் கணக்கு எக்செல்லில் அறுபத்து நான்கு வரி. திரைச்சீலை வளையத்துக்கு ஒரு வரி, திருஷ்டிப் பூசணிக்காய்க்கு ஒரு வரி, அது அழுகினால் மாற்றுப் பூசணிக்காய்க்கு இன்னொரு வரி. கூரை வீட்டோடு வருவதுதானே என்று அதற்கு மட்டும் வரி போடவில்லை.

மொட்டை மாடிக்குப் போகும் படியின் உச்சியில் ஒரு நாயைக் கட்டியிருந்தார்கள்.

"மேல ஒரு பார்வை பாத்துட்டு வரட்டுமா ஐயா?" என்று கேட்டார் என் கணவர்.

"தாராளமாப் பாருங்க. கடிக்காது. புது ஆளு ஏறுனா மட்டும் அதுக்குக் கொஞ்சம் ஆகாது," என்றார் வீட்டுக்காரர்.

என் கணவர் மூன்று படி ஏறினார். இறங்கியபோது படியைப் பயன்படுத்தவில்லை. அடுத்த இரண்டு முறையும் நாய் அதே இடத்தில் டியூட்டியில் இருந்தது. நாயை அவிழ்க்கச் சொன்னால் அவர்களைச் சந்தேகப்படுவதுபோல் ஆகாதா? காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். அறைகளுக்குள் கூரையின் அடிப்பக்கமெல்லாம் பளிச்சென்று வெள்ளை பெயிண்ட். விற்றுவிட்டுப் போகும்போதும் பெயிண்ட் அடித்துக் கொடுக்கிறார்களே, என்ன குணம் என்று நான் உருகினேன்.

வீட்டை வாங்கி, தை மாதம் பால் காய்ச்சினோம். பால் நன்றாகப் பொங்கியது. கூடம் சின்னது என்பதால் மொட்டை மாடியில் பந்தல் போட்டுப் பந்தி வைத்தோம். (நாய் வீட்டுக்காரர்களோடு போய்விட்டது.) இரண்டாம் பந்தியில், பரிமாறுகிறவரின் கால் பந்தல் கயிற்றில் மாட்டி, ரச அண்டா முழுசாகச் சாய்ந்தது.

"விடுங்கண்ணே, தரையிலதான கொட்டுச்சு," என்றேன் பெருந்தன்மையாக. அந்தத் தரைக்குக் கீழே என் படுக்கையறை இருந்தது.

என் மாமியாரின் அண்ணன், எங்களுக்குப் பெரிய மாமா, முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு அங்கே படுத்திருந்தார். கூப்பிடுகிறாரே என்று இறங்கிப் போனேன். அவர் நெற்றியில் மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"புளி கொஞ்சம் தூக்கலா இருக்குத்தா," என்றார், எழுந்திருக்காமலே.

சொந்தத்தில் கொத்தனார் ஒருவர் வந்திருந்தார். பெரிய மாமாவை எழுப்பி நிறுத்திவிட்டு, ஒட்டடைக் குச்சியால் மேலே லேசாகத் தட்டினார். தாம்பாளம் அகலத்துக்குக் காங்கிரீட் பெயர்ந்து என் மகளின் குட்டிக் கட்டிலில் விழுந்தது. அவள் வாசலில் பலூனோடு இருந்தாள். அதை நான் இன்றைக்கும் தினம் ஒருமுறை எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பெயர்ந்த இடத்தில் கம்பி துருவேறிப் பொரிந்து கிடந்தது.

"தங்கச்சி, இம்புட்டு நாளும் பெயிண்டுதான் காங்கிரீட்டத் தாங்கிக்கிட்டு இருந்திருக்கு," என்றார் கொத்தனார்.

மாமியார் என்னைப் பார்த்தார். "தண்ணிய மூணு வாட்டி குடிச்சுப் பாத்தவ, ஒரு வாட்டி மேல பாத்திருக்கப்படாதா?"

"பாத்தேன் அத்தை. வெள்ளையா இருந்துச்சு."

"எதுக்கு அம்புட்டு வெள்ளையா அடிச்சிருக்காகன்னு கேக்க மாட்டியா?"

பழைய வீட்டுக்காரருக்குப் போன் போட்டார் என் கணவர். "நாங்க இருந்தவரைக்கும் ஒழுகலையே தம்பி. நாங்க ஒரு நாளும் மேல ரசம் ஊத்துனதில்லையே," என்றாராம்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுப் பந்தியிலும் ரசம் வந்தால், பெரிய மாமா முதலில் அண்ணாந்து பார்ப்பார். பிறகு என்னைப் பார்ப்பார். பந்தியே சிரிக்கும். நானும் சிரிக்க வேண்டும்.

மகள் இப்போது கூடத்தில், விரிசல் இல்லாத மூலையில் தூங்குகிறாள். ஐப்பசி மழைக்கு மூன்று மாதம்கூட இல்லை. தளத்தை முழுசாக இடித்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் கொத்தனார். அப்படியென்றால் வீட்டுக் கடன் தவணையோடு வாடகை வீடும் பார்க்க வேண்டும். பெயர்த்துப் பூசி மேலே கெமிக்கல் அடித்தால் போதும் என்கிறார் ஓர் இன்ஜினியர். பகலில் ஒருவரை நம்புகிறேன், விளக்கணைத்ததும் மற்றவரை.

பழைய வீடு வாங்கிக் கூரை மாற்றியவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். எந்த வழிக்குப் போனீர்கள்? கையில் எவ்வளவு வைத்துக்கொண்டு தொடங்கினீர்கள்? எவ்வளவில் முடிந்தது? "வாங்குவதற்கு முன் யாரிடமாவது கேட்டிருக்கலாமே" என்று மட்டும் எழுத வேண்டாம். அதைச் சொல்ல எங்கள் வீட்டிலேயே பதினோரு பேர் இருக்கிறார்கள்.