உயிரெழுத்து பன்னிரண்டும் ஒரு வாளித் தண்ணீரும்

ஞாயிற்றுக்கிழமை இருட்டுவதற்குள் என் மகளுக்கு உயிரெழுத்து பன்னிரண்டையும் எழுதக் கற்றுக்கொடுத்துவிடுவது என்று சபதம் போட்டேன். சும்மா இல்லை. என் பெயிண்ட் அறையைப் பணயம் வைத்து.

நான் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவன். ஆள் உயரத்துக்கு 'ஐ' போடச் சொன்னால், கோடு கிழிக்காமலே போடுவேன். அப்படிப்பட்டவன் பெற்ற பிள்ளையின் கையில் பென்சிலைக் கொடுத்தால், அது கடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறது. கேட்டால் "எனக்கு வராதுப்பா" என்கிறது. அடுத்த மாதம் பள்ளிக்கூடம் வேறு. நான் எழுதிய போர்டுகள் எல்லாம் தெருத் தெருவாக என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது.

மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கிறுக்கலையே படிக்கிறவள், என் முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவள் தம்பி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவன். அவன் ஒரு வருஷம் இங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுப்பானாம். தங்கப்போவது என் பெயிண்ட் அறையில். என் டப்பாவும் பிரஷும் கொல்லைப்பக்கம் மழையில் நனையும். மச்சினன் தங்கமான பையன்தான். ஆனால் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் "எங்கே, எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" என்பான்.

"யாரும் வர வேணாம். நானே சொல்லிக்குடுக்கறேன்" என்றேன்.

"நான் போன் பண்ணினா ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு அவன் கிளம்பிடுவான். அதுக்குள்ள இவ பன்னெண்டும் எழுதிட்டான்னா, நான் போன் பண்ணலை."

செருப்பை மாட்டிக்கொண்டே, போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னாள். "உக்கார வெச்சு அதட்டாதீங்க. விளையாட்டாச் சொல்லிக்குடுங்க. அவளுக்கு நுரைன்னா உசிரு."

நுரை எங்கே இருக்கும்? பாத்திரம் கழுவுகிற இடத்தில். சனிக்கிழமை காலை அங்கே ஒரு பாத்திர மலையே குவிந்திருந்தது. ஒரு தட்டில் நுரையைப் பரப்பி, விரலால் 'அ' போட்டுக் காட்டினேன். மகள் பாதி வளைத்துவிட்டு நிறுத்தினாள். நுரை போதவில்லையாம். இன்னொரு பாத்திரம் தேய்த்தேன். இன்னும் கொஞ்சம் வளைத்தாள். கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்த பிறகுதான் 'அ' முழுசாக வந்தது. 'ஆ' வருவதற்குள் அடியில் கரி பிடித்த வாணலிகூடப் பளபளத்தது.

அன்று மத்தியானமே எனக்கு வழி பிடிபட்டுவிட்டது. அலமாரிக் கண்ணாடியின் தூசியில் 'இ', 'ஈ'. எழுதியதை அழித்தால்தானே அடுத்தது எழுத முடியும்? அழித்தேன். ஈரத் தரையில் மாப்பால் 'உ', 'ஊ'. 'உ' கூடத்தில் வந்துவிட்டது. 'ஊ'வுக்கு இடம் நெடுக வேண்டும் என்று சமையலறை வரை துடைக்க வைத்தாள். 'எ', 'ஏ' இரண்டும் குளியலறைச் சுவரில், தேய்க்கிற பிரஷால். இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற புதுமுறையையே கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னல் கம்பிகளோடு மல்லுக்கட்டியதில் 'ஐ' வந்தது. மத்தியானம் போர்வைகளைத் துவைத்து முறுக்கிப் போட்டதில் 'ஒ'வும் 'ஓ'வும் வந்தன. மிச்சம் ஒன்றே ஒன்று.

அதில்தான் வண்டி நின்றது. வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மகள் சாக்பீஸைப் பிடித்தபடி சுவரைப் பார்த்து நிற்கிறாள். 'ஒ' போட்டாள். பக்கத்தில் வர வேண்டிய 'ள' வரவில்லை. மனைவி போனைக் கையில் எடுத்தாள்.

"இப்பவே சொன்னாத்தாங்க அவன் பஸ்ஸைப் பிடிக்க முடியும்."

"அஞ்சே நிமிஷம் பொறு."

"நான் பொறுப்பேன். பஸ் பொறுக்குமா?"

என் அறையை நினைத்தேன். நான் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கும் பிரஷ்களை நினைத்தேன். மகளின் முன்னால் மண்டியிட்டு, "என் கண்ணுல்ல, ஒரு சுழி சுழிடா" என்று கெஞ்சினேன். அவள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"மேல பாருப்பா. ஃபேன் அழுக்கா இருக்கு."

ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மனைவி எண்களை அழுத்துகிற சத்தம் கேட்டது. முதல் இறக்கை, இரண்டாவது இறக்கை. வருஷக்கணக்கான தூசி என் தலையில் கொட்டியது. மூன்றாவது இறக்கையைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். சுவரில் 'ஔ' நின்றது, என் கையே போட்டதுபோல அழகாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"போனை வை" என்றேன் ஸ்டூல் மேலிருந்தே, ராஜா மாதிரி.

மனைவி வைத்துவிட்டாள். மகள் அவளிடம் ஓடி, புடவையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்.

"அம்மா, இனிமே தெரிஞ்ச மாதிரியே இருக்கலாமா?"

நான் ஸ்டூலிலிருந்து இறங்கினேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். போன மாதமே அம்மா சொல்லிக்கொடுத்து, காலி மருந்துப் பெட்டிகளின் மேல் உயிரெழுத்து முழுக்க எழுதப் பழகிவிட்டாளாம்.

"அப்ப உன் தம்பி? பஸ்ஸு?"

"அவனுக்கு ஏதுங்க லீவு" என்றாள், துவைத்த போர்வையை மடித்தபடி. "ஆனா மெய்யெழுத்து அவளுக்கு நெஜமாவே தெரியாது. நீங்கதான் சொல்லிக்குடுக்கணும். நான் சொல்லிக்குடுத்ததவிட உங்ககிட்ட எழுதினதுதான் அழகா இருக்கு."

புகழ்ச்சியில் மயங்காதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மகள் வாளியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். 'க்' எழுத மாடிப்படிதான் வேண்டுமாம்.

உயிர் போய்விட்டது. மெய் மட்டும் மாப்பைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் நின்றது.