எல்லாக் கதவுக்கும் ஒரே காவலாளி

உள்ளே வருவதற்கான பக்கத்தைத் திறக்க, முதலில் உள்ளே வந்திருக்க வேண்டும் என்றது கணினி. நவம் என்கிற நவரட்ணராஜா மறுபடி சொடுக்கினான். அதுவும் மறுபடி அதையே சொன்னது.

அன்று திங்கட்கிழமை. வியாழனன்று டொக்டர் மகேந்திரராசா தமது மருந்தகத்துக்காக அவன் செய்துவரும் இணையத்தளத்தைப் பார்க்க வருவார். அது ஒழுங்காக ஓடினால் நவத்துக்கு நிரந்தர வேலை. நிரந்தர வேலை என்றால் மருந்தகத்தின் பெயர் போட்ட வேலைக் கடிதம். போர் நடந்துகொண்டிருந்த 2007ஆம் ஆண்டில், யாழ்ப்பாண முகவரியுள்ள அடையாள அட்டையோடு கண்டியில் பஸ் ஏறுகிற இளைஞனுக்கு அந்தக் கடிதம் குடையைவிட அவசியம். அது இல்லாமல் ஒருமுறை சோதனைச் சாவடியில் நாலு மணி நேரம் நின்றிருக்கிறான்.

இத்தனைக்கும் காரணம் மாலை வகுப்பு. தளத்தில் இருபத்தாறு பக்கங்கள். வருகிறவரின் கடவுச்சொல் சரிதானா என்று பார்க்கும் வரிகளை நவம் ஒவ்வொரு பக்கத்திலும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தான். அங்கே கணினி படிப்பிக்கும் திரேசா மிஸ் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு காவலாளியே? ஒரு ஆளை வெளியிலை நிப்பாட்டும். எல்லா அறையும் அந்த ஆளிட்டைக் கேக்கட்டும்."

"ஓம் மிஸ்" என்றான். நாட்குறிப்பிலும் எழுதினான்: 'காவல் வரிகள் தனிக் கோப்பில். எல்லாப் பக்கங்களும் அதைக் கூப்பிட வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது.'

ஒன்றையும் விடவில்லை. கடவுச்சொல் கேட்கும் பக்கத்தையும் விடவில்லை. அங்கேயும் காவலாளி நின்றுகொண்டு, கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டு வா என்று ஆளை அதே பக்கத்துக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான்.

செவ்வாயன்று அந்த ஒரு வரியை எடுத்தான். திறந்தது. ஆனால் சந்தேகம் அவன் கூடப் பிறந்தது. ஒருமுறை பார்த்த ஆளைக் காவலாளி மறந்துவிட்டால்? எதற்கும் பக்கத்துக்குப் பக்கம் புதிதாகக் கேட்கட்டும் என்று மாற்றினான். மூன்றாம் பக்கத்தில் அது நவத்தையே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டது.

மற்றப் பக்கங்களைச் சோதிக்க வேண்டுமே. ஆகவே, யார் வந்தாலும் விடு என்று தற்காலிகமாக எழுதினான். ஒரே கோப்பு, ஒரே திருத்தம், இருபத்தாறு கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. தனிக் கோப்பின் அருமை அப்போதுதான் அவனுக்கு முழுதாக விளங்கியது.

அவன் தங்கியிருந்த அறையில் இணைய இணைப்புக் கிடையாது. சோதனையெல்லாம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், இணையமும் அச்சு இயந்திரமும் வைத்திருந்த ரபீகா அக்காவின் கொமியுனிகேஷன் கடையில்தான். அவர் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, பாஸ்வேட் கேக்காமலே தொறக்குது?"

"சும்மா சோதிக்கத்தான் அக்கா. வியாழன் காலமை பூட்டிப்போடுவன்."

கடைசிப் பக்கம் என்னவென்றும் கேட்டார். ஊழியரின் பெயரை அடித்தால் டொக்டரின் கையெழுத்தோடு வேலைக் கடிதம் வரும் என்று நவம் விளக்கினான். தனக்கும் ஒன்று அடித்தால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. 'அது களவு' என்று நாட்குறிப்பில் எழுதி இரண்டு கோடு இழுத்தான். அதன் கீழே, 'ரபீகா அக்காவுக்கும் தொழில்நுட்பத்தில் ஆர்வம் இருக்கிறது.'

வியாழன் காலை காவலாளியைத் திருத்தி நிறுத்தினான். டொக்டர் பிழையான கடவுச்சொல்லை அடித்துப் பார்த்தார், தளம் விடவில்லை. சரியானதை ஒருமுறை அடித்தார். எல்லாப் பக்கமும் திறந்தது.

"ஒழுங்கான பெடியன்" என்றார். அவரோடு சேர்த்து எட்டுப் பேர் வேலை செய்த மருந்தகத்தில் நவம் ஒன்பதாவது ஆளானான்.

மறுநாள் தெல்தோட்டைக் கிளைக்கு மருந்துப் பெட்டியோடு பஸ் ஏறினான். வழியில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றார்கள். பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்த கடிதத்தை நவம் நிமிர்ந்து நின்று நீட்டினான். பொலிஸ்காரர் கடிதத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், வரிசையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு பொலிஸ்காரரைக் கூப்பிட்டார்.

நவம் கடிதத்தை மனதுக்குள் மறுபடி வாசித்தான். எங்கே பிழை? கையெழுத்தா, திகதியா?

முன்னால் நின்ற வேலாயி என்ற தேயிலைத் தோட்டத்துப் பெண், தன் கையிலிருந்த கடதாசியை விசிறிக்கொண்டே அவன் பக்கம் சாய்ந்தாள். அதன் தலைப்பிலும் அதே மருந்தகத்தின் பெயர்.

"பயப்படாதீங்க தம்பி, விட்டுருவாங்க. இந்த பஸ்ல நாங்க பதினேழு பேரும் ஒங்க மருந்துக்கடதான், புதன்கெழம ரபீகாம்மா கடையில வேலைக்குச் சேந்தோம். நீங்க எப்ப சேந்தீங்க?"