பாப்பம்மா மரணம் ரத்து

சசிதரன் எழுந்தான். பல் விளக்கினான். அடுப்பில் தண்ணீர் வைத்தான். இரண்டு ரொட்டித் துண்டுகளில் காயா ஜாம் தடவினான். தேநீர் ஆறும்வரை கைப்பேசியைப் பார்த்தான்.

அதில் பாப்பம்மா இறந்திருந்தார்.

‘நற்றுணை மரண உதவிச் சங்கத்தின் உறுப்பினர், லூனாஸைச் சேர்ந்த திருமதி பாப்பம்மா இன்று காலை இயற்கை எய்தினார்.’ சங்கத்தின் வாட்சாப் குழுவுக்கு அதை அனுப்பியது ஒரு செயலி. அந்தச் செயலியை எழுதியது சசிதரன்.

நேற்றுத்தான் அதை எல்லார் கைப்பேசியிலும் ஏற்றியிருந்தான். ஒருவர் இறந்தால், அந்த வீட்டிலுள்ள யாராவது ‘மரணம்’ என்ற பொத்தானை அமுக்க வேண்டும். குழுவுக்குச் செய்தி போகும். கூடாரம், மேளம், வேன் எல்லாம் தானாக வந்து சேரும்.

நல்ல மனுஷி என்று வருந்தியபடியே விவரப் பக்கத்தைத் திறந்தான்.

இறந்தவர்: பாப்பம்மா. அறிவித்தவர்: பாப்பம்மா.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். செத்தவர் தன் சாவைத் தானே அறிவிக்க முடியாது. ஆக, செத்தது பாப்பம்மா இல்லை. செயலி.

அழைத்தான்.

“சொல்லு தம்பி.”

“அக்கா, நீங்க... இருக்கீங்களா?”

“இருக்கேன். கூடாரம் அடிக்கிற பையனுங்க வந்துருக்கானுங்க. டீ போட்டுக்கிட்டிருக்கேன்.”

“ஆப்புல கோளாறுக்கா. இப்பவே சரி பண்ணிடறேன்.”

“எதுக்கு அவசரம்? சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டுமே. ஜித்ராவுலேர்ந்து வர்றதுன்னா நேரமாகும்ல.”

அதிர்ச்சியில் ஏதோ உளறுகிறார் என்று சசிதரன் முடிவு செய்தான்.

அவசரம் அவனுக்குத்தான். இன்று சங்கத் தலைவர் காளிதாசன் செயலியை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. அந்தக் கையெழுத்தை நம்பித்தான் கூலிம் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தான். கோளாறு என்ற சொல் அவர் காதில் விழுந்தால் மறுபடியும் இரவு ஷிப்ட்தான்.

காளிதாசன் தோட்டத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி. மென்பொருள் எப்படிப் பிறந்து வளர்கிறது என்று அலோர் ஸ்டாரில் ஒருநாள் பட்டறை நடந்தது. போய், அரை நாள் கேட்டார், அரை நாள் சாப்பிட்டார். திரும்பி வந்தபோது நிபுணராகியிருந்தார்.

“தலைவரே, அஜைல் முறையில செய்வோம்,” என்று முதல் கூட்டத்திலேயே சசிதரன் சொல்லிப் பார்த்தான். “கொஞ்சம் கொஞ்சமா செஞ்சு, ஆளுங்ககிட்ட காட்டி, திருத்திக்கிட்டே போகலாம்.”

“சாவை எப்படி தம்பி கொஞ்சம் கொஞ்சமா செய்யறது? அது ஒரே தடவதான். வாட்டர்ஃபால்! முதல்ல தேவை, அப்புறம் வடிவமைப்பு, அப்புறம் நீ எழுதணும், சோதனை, ஒப்படைப்பு. ஒவ்வொரு படிக்கும் நான் கையெழுத்துப் போடுவேன். போட்டப்புறம் திரும்பிப் பாக்கக்கூடாது. அருவி மேல ஏறிப் பாத்துருக்கியா?”

“ஸ்பைரல்னு ஒரு முறை இருக்காமே?” என்றார் செயலாளர் குணசுந்தரி.

“அது கொசுவத்தி.”

சோதனைப் படி வந்தது. “சோதிக்கணும்னா யாராவது சாகணுமே,” என்றார் காளிதாசன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. வடைத் தட்டோடு நின்ற பாப்பம்மா மட்டும் சிரிக்கவில்லை.

“சோதிக்காம எப்படிங்க? எல்லாருக்கும் போய்ச் சேருதான்னு தெரிய வேணாமா?”

“நீங்க வடையக் கொடுங்கக்கா.”

சோதனை அவசியமில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. வடையும் தீர்ந்தது.

இப்போது சசிதரன் கணினியைத் திறந்தான். ‘உயிருடன்’ என்பதிலிருந்து ‘இறந்தவர்’ என்பதற்குப் போக வழி இருந்தது. திரும்பி வர வழி இல்லை. அதையும் அவன் அன்றே கேட்டிருந்தான். “செத்தவன் திரும்பி வந்தா அப்புறம் சங்கம் எதுக்கு லா?” என்று காளிதாசன் அந்தக் கதவை அடைத்திருந்தார்.

பாப்பம்மாவின் கணக்கையே அழித்தான். அதோடு சாவும் அழியும் என்பது கணக்கு. செயலியோ கடமை தவறாதது. பாப்பம்மாவின் ஒரே உறவான, ஜித்ராவில் அதிகாரியாக இருக்கும் மகன் தேவனுக்கு ஆழ்ந்த அனுதாபம் தெரிவித்தது. கையோடு மூன்று மலர்வளையங்களுக்குச் சொல்லிவிட்டது.

சரி, புதிய உறுப்பினராகச் சேர்த்துவிடலாம் என்று சேர்த்தான். குழுவில் மணி ஒலித்தது. ‘புதிய உறுப்பினர் பாப்பம்மாவை அன்புடன் வரவேற்கிறோம். அன்னாரின் இறுதிச் சடங்கு இன்று மாலை.’

சசிதரன் செயலியை நம்புவதை விட்டான். தன் கையாலேயே குழுவில் எழுதினான்: ‘பாப்பம்மா மரணம் ரத்து. சிரமத்துக்கு வருந்துகிறோம்.’

அதுதான் பெரிய தப்பு. சாவு என்றபோது வீட்டில் படுத்திருந்தவர்களெல்லாம் ரத்து என்றதும் எழுந்து சட்டையை மாட்டினார்கள். ‘ஏன் ரத்து? போலிஸ் கேஸா?’ என்று ஒருவர் கேட்டார். செர்டாங்கிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் கிளம்பியதாகத் தகவல் வந்தது.

மேளக்காரர் பரஞ்சோதி அழைத்தார்.

“தம்பி, நாங்க வந்துட்டோம். பொணத்தக் காணோமே.”

“அண்ணே, அவங்க அங்கதான் இருக்காங்க.”

“எங்க?”

“உங்களுக்கு டீ குடுத்தாங்களே.”

அந்தப் பக்கம் டம்ளர் விழுந்த சத்தம் கேட்டது.

சசிதரன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். பாப்பம்மா குடியிருக்கும் தாமானின் தெருமுனையிலேயே கார்கள் நின்றன. கூடாரத்துக்குள் நாற்காலிகள் நிறைந்திருந்தன. பாப்பம்மா நல்ல சேலை கட்டி, பூ வைத்து, தட்டோடு நாற்காலி நாற்காலியாகப் போய்க்கொண்டிருந்தார். நடுநடுவே தெருவை எட்டிப் பார்த்தார்.

காளிதாசன் வந்திறங்கினார். கையில் பேனா இருந்தது. முகத்தில் துக்கம் இருந்தது. பாப்பம்மா அவரிடம் தட்டை நீட்டினார். எடுத்தார், கடித்தார், நிமிர்ந்து பார்த்தார்.

“அலாமாக்! சசி, இது யாரு?”

“பாப்பம்மாக்கா, தலைவரே.”

“அவங்க செத்துட்டாங்களே.”

“இல்ல தலைவரே.”

“ஆப்புல செத்துட்டாங்க. இதுவரைக்கும் வந்த எல்லாப் படிக்கும் நான் கையெழுத்துப் போட்டுருக்கேன். அப்புறம் எப்படி உயிரோட இருப்பாங்க?” தவறு பாப்பம்மாவுடையது என்பதுபோல் அவரை முறைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கோளாறா?”

சசிதரன் மலர்வளையங்களைப் பார்த்தான். பொய் சொல்ல இடமே இல்லை.

“கோளாறுதான், தலைவரே.”

பேனா சட்டைப் பையை நோக்கிப் போனது. அதோடு சசிதரனும் கூலிமை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

“கோளாறெல்லாம் ஒண்ணுமில்லங்க,” என்றார் பாப்பம்மா. “நான்தான் அமுக்குனேன்.”

காளிதாசன் அவர் பக்கம் திரும்பினார்.

“எதையக்கா?”

“மரணத்த. சோதிக்கணும்னா யாராவது சாகணும்னு நீங்கதானே சொன்னீங்க? இந்த வீட்ல நான் ஒருத்திதான் இருக்கேன்.”

சசிதரனுக்கு விவரப் பக்கம் கண்முன் வந்தது. அறிவித்தவர்: பாப்பம்மா. காலையிலிருந்து செயலி உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. நம்பாதது அதை எழுதியவன் மட்டும்தான்.

காளிதாசன் யோசித்தார். “கூடாரம் வந்துச்சா?”

“வந்துச்சு.”

“மேளம்?”

“ரெண்டு டீ குடிச்சாச்சு தலைவரே,” என்றார் பரஞ்சோதி.

“மலர்வளையம்?”

“மூணு.”

“அப்ப சோதனை வெற்றி! நம்ம சங்கம் எதையும் சோதிக்காம விடாது.” சோதனைப் படிக்கும் ஒப்படைப்புக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அருவி மேலே ஏறாது என்பதால், சோதனைக்குப் போன மாதத் தேதியைப் போட்டார்.

சசிதரனுக்கு மூச்சு வந்தது. கூட்டம் வடையைப் பாராட்டிவிட்டுக் கலைந்தது. செர்டாங் வேன் மட்டும் ஏமாற்றத்தோடு திரும்பியது. கூடாரத்தை அவிழ்க்கப் போன பையன்களைப் பாப்பம்மா கையைக் காட்டி நிறுத்தினார். தெருவை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கைப்பேசியைச் சசிதரனிடம் நீட்டினார். அன்று அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“எம் மவன் தேவனுக்கும் போய்ச் சேந்துருச்சு தம்பி. காலைலேயே ‘நோட்டட்’னு இங்கிலீஷ்ல பதில் போட்டுருக்கான். அப்படின்னா வர்றேன்னுதானே அர்த்தம்?”