இரண்டு பேர் கொடுத்த நரி

இந்தக் குளிர்காலத்தின் முதல் நரி தன் தலையில்தான் தொப்பியாக உட்காரும், வேறு எவன் தலையிலும் உட்காராது என்று எசென்குல் சபதம் எடுத்திருந்தான். கழுகின் மேல் கை வைத்துச் செய்த சபதம். கழுகு கராகோஸ் தலையைச் சாய்த்து அவனை ஒரு பார்வை பார்த்தது. அது நம்பியதாகத் தெரியவில்லை.

நம்பாததில் நியாயம் இருந்தது. கழுகு வைத்து வேட்டையாடுவதில் எசென்குலுக்கு அந்த ஏரிக்கரை ஊர்களில் ஈடு கிடையாது. ஆனால் போன குளிர்காலத்தில் பிடித்த மூன்று நரிகளில் ஒன்றின் வால் மயிர்கூட வீடு வந்து சேரவில்லை. எல்லாம் ஷிரல்காவில் போயிற்று. வேட்டையிலிருந்து திரும்புகிறவனை வழியில் பார்த்து யார் 'ஷிரல்கா!' என்று கேட்டாலும், பிடித்ததைச் சிரித்த முகத்தோடு கொடுத்துவிட வேண்டும். மறுத்தால் அந்த வருஷம் எலிகூட மாட்டாது. முதல் நரியைப் பள்ளிக்கூட வாத்தியார் கேட்டார். இரண்டாவதை டிராக்டர்காரன் கேட்டான். மூன்றாவதைக் கேட்டது சொந்த மச்சான். காலையிலிருந்தே அவன் பாலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். அந்தப் பாலத்துக்கு பஸ் வந்து எட்டு வருஷம் ஆகிறது.

இதில் இன்னொரு தலையும் காத்திருந்தது. மனைவி புர்மகானின் தலை. கல்யாணத்துக்கு முன்னால் "உனக்கு நரித்தோல் தொப்பி" என்று எசென்குல் வாக்குக் கொடுத்திருந்தான். பத்தொன்பது வருஷமாக அது வாக்காகவே இருந்தது. "முதல் நரி எனக்கு, அடுத்தது உனக்கு" என்று இந்த வருஷமும் சொல்லி வைத்தான். அவள் "சரிங்க" என்றாள். அவள் இவ்வளவு சுலபமாகச் சரி என்றால் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை.

சனிக்கிழமை வெயிலில் பனி கண்ணைக் கூச வைத்தது. கராகோஸ் மேட்டிலிருந்து பாய்ந்து ஒரு நரியின் முதுகில் நகத்தைப் பதித்தது. எசென்குல் குதிரையில் வந்து சேர்வதற்குள் நரி உதறிக்கொண்டு ஓடிவிட்டது. அவன் விடுவானா? கழுகைக் கையில் ஏற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் துரத்தினான். பனியில் ரத்தத் துளிகள் வழி காட்டிக்கொண்டே போயின. அந்த வழி போய் முடிந்த இடம் ஒமுராலியின் ஆப்ரிகாட் தோட்டம். ஒமுராலி அடுத்த தெருக்காரன், வேட்டைநாய் வளர்க்கிறவன். அவன் நாய் கவ்விய நரியைப் பின்னங்காலில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய நின்றான்.

"அண்ணே, பாத்தீங்களா! வீடு தேடி வந்த அதிர்ஷ்டம்!"

"அது என் நரிடா."

"உங்க நரியா? பேர் என்ன வச்சிருந்தீங்க?"

"முதுகைப் பாரு. என் கழுகோட நகம் பட்ட காயம். ஒரு மணி நேரமா துரத்திட்டு வர்றேன்."

"துரத்தினா சொந்தமாயிடுமா? நானும்தான் கல்யாணத்துக்கு முன்னாடி நாலு பொண்ணுங்களைத் துரத்தினேன்."

"பாதி செத்த நரியை உன் நாய் புடிச்சா அதுக்குப் பேரு வேட்டையா?"

"காட்டு மிருகம் ஆண்டவனோடது. யார் கைக்கு வருதோ அவனோடது. இப்ப யார் கையில இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

எசென்குலுக்குக் கோபம் தலைக்கேறியது. "வாடா, ஊர்ப் பெரியவங்க, அக்சகால்கள்கிட்ட போவோம்! நரி எனக்கில்லைன்னு அவங்க சொன்னா, என் கழுகையே நீ எடுத்துக்கோ!"

வாயை விட்டு வந்த பிறகுதான் என்ன வந்தது என்று அவனுக்கே புரிந்தது. அதற்குள் வேலி ஓரத்தில் நாலு பேர் சாட்சிக்கு நின்றிருந்தார்கள். ஒமுராலியும் சளைத்தவன் இல்லை. "உங்களோடதுன்னு சொன்னா என் நாயை எடுத்துக்கோங்க!" என்று கத்திவிட்டு, அவனும் நாயின் கழுத்துப் பட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். திங்கட்கிழமை பஞ்சாயத்து என்றும், அதுவரை நரி ஒமுராலி வீட்டில் இருக்கட்டும் என்றும் முடிவாயிற்று.

எசென்குல் வீட்டு வெளிவாசலுக்கு வந்தபோது புர்மகான் பால் வாளியோடு நின்றிருந்தாள்.

"என்னங்க, வெறுங்கையோட வர்றீங்க?"

"யார் சொன்னா? நரி இருக்கு. ஒமுராலி வீட்ல இருக்கு."

"விருந்துக்குப் போயிருக்கா?"

"திங்கட்கிழமை பஞ்சாயத்து. நரி என்னோடதுதான். அதுல சந்தேகமே இல்ல."

"அங்க வேற ஏதாச்சும் பேசினீங்களா?"

"வேற என்ன? ஒண்ணுமில்லையே." எசென்குல் அவசரமாகக் கழுகின் இறக்கையைத் தடவினான்.

புர்மகான் வாளியைக் கீழே வைத்தாள். கையை முன்துணியில் துடைத்துக்கொண்டு குதிரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஷிரல்கா!"

"என்னடி இது! கட்டின புருஷன்கிட்டயா?"

"குதிரையை விட்டு இறங்கல. வாசலுக்கு வெளியதான் நிக்கிறீங்க. வேட்டையிலேருந்து திரும்பறவர்தானே நீங்க?"

"நரி கையில இல்லையே!"

"அப்ப உங்களோடது இல்லையா?"

"என்னோடதுதான்!"

"உங்களோடதுன்னா குடுங்க. குடுக்க முடியலைன்னா அது உங்களோடது இல்ல. நான் இப்பவே ஒமுராலிக்குப் போன் போட்டுச் சொல்லிடறேன்."

"குடுத்தேன்! குடுத்தேன்! ஆளை விடு, தாயே!"

வாயால் கொடுத்ததைப் பிறகு வாயாலேயே திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி அவன் உள்ளே போனான். புர்மகான் நிம்மதியாக வாளியை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. ஆட்டு இறைச்சியை எடுத்துக்கொண்டு போய் கராகோஸுக்கு ஊட்டினான். ஒன்பது வருஷம். குஞ்சாக அதைக் கொண்டுவந்த மாதம் அவன் இரவெல்லாம் அதற்குக் காவலாக விழித்திருந்து, உட்கார்ந்தபடியே கண் அயர்ந்தான். சொந்த மகனுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படி விழித்ததில்லை என்று புர்மகான் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். ஒரு நரிக்காக, அதுவும் ஒரு தொப்பிக்காக, இதைத் தூக்கிக் கொடுக்கப் போகிறோமே என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"என்னங்க, கண்ணெல்லாம் சிவந்திருக்கு?"

"தூசி."

"பனி கொட்டுது. தூசி எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை அவன் ஒரு திட்டத்தோடு கிளம்பினான். கழுகின் நகத்தையும் நரியின் காயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் யார் மறுக்க முடியும்? கராகோஸைக் கையில் ஏந்திக்கொண்டு பஞ்சாயத்து அறைக்குள் நுழைந்தான். அடுப்புக்குப் பக்கத்தில் மூன்று அக்சகால்கள், மூன்று வெள்ளைத் தாடிகள். நடுவில் இருந்த பெய்ஷென் தலைவர்.

"பந்தயப் பொருளை நீயே கொண்டாந்துட்டியா? நல்ல பழக்கம்" என்றார் பெய்ஷென்.

எசென்குல் கழுகோடு ஓர் அடி பின்னால் நகர்ந்தான்.

ஒமுராலி வந்து சேராததால் பெரியவர்கள் சும்மா இருக்க முடியாமல் விவாதத்தை ஆரம்பித்தார்கள்.

"முதல்ல அடிச்சவன்தான் சொந்தக்காரன்" என்றார் இடது தாடி.

"அப்படீன்னா நான் முப்பது வருஷம் முன்னாடி ஒரு மலையாட்டைச் சுட்டேன். நொண்டிக்கிட்டே ஓடிப்போச்சு. அதுவும் எனக்குச் சொந்தமா?" என்றார் வலது தாடி.

"சொந்தம்தான். போய்க் கூட்டிட்டு வா."

"ரெண்டு பேரும் சும்மா இருங்கப்பா" என்றார் பெய்ஷென். "அந்த நரியை நான் செவ்வாய்க்கிழமையே பாத்தேன். அது வாயில என் கோழி இருந்துச்சு. அப்படிப் பாத்தா நரிக்குள்ள இருக்கறது என் சொத்து."

அப்போது ஒமுராலி வந்தான். நாய் இருந்தது. நரி இல்லை.

"நரி எங்கப்பா?"

ஒமுராலி நெஞ்சை நிமிர்த்தினான். "பாலத்துல ஷிரல்கா கேட்டாங்க, குடுத்துட்டேன். பத்துப் பேர் பாத்தாங்க. பெரியவங்களே, நீங்களே சொல்லுங்க, சொந்தக்காரன்தானே குடுக்க முடியும்? மறுத்திருந்தா நரி என்னோடது இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகியிருக்காதா?"

பெய்ஷென் தாடியைத் தடவினார். "பலமான பாயிண்டு" என்றார். எசென்குலின் கை தன்னையறியாமல் கழுகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது. நகமும் காயமும் என்று அவன் ஏதோ ஆரம்பித்தான். காயம்தான் பாலத்தோடு போய்விட்டதே!

"யார் கேட்டது?" என்றார் பெய்ஷென்.

"நான்தாங்க." வாசலில் புர்மகான் நின்றாள். அவள் பையிலிருந்து நரி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. "ஒமுராலி தம்பி இன்னிக்குக் காலைல குடுத்தாரு. ஆனா எங்க வீட்டுக்காரர் சனிக்கிழமையே வாசல்ல குடுத்துட்டாரு. கேட்டுப் பாருங்க."

பெய்ஷென் திரும்பினார். "எசென்குல், குடுத்தியா?"

இல்லை என்றால் நரி தன்னுடையது இல்லை என்று ஆகும். கழுகு போகும். ஆமாம் என்றால் நரி போகும். எசென்குல் கராகோஸைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மயிர் உதிர்ந்த தன் பழைய தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"குடுத்தேன்."

பெய்ஷென் சிரிக்க ஆரம்பித்தார். தாடி குலுங்கியது. "ஒமுராலியோடதா இருந்தா ஒமுராலி குடுத்துட்டான். எசென்குலோடதா இருந்தா எசென்குல் குடுத்துட்டான். அது யாரோடதா இருந்துச்சோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இப்ப யாரோடதுன்னு மட்டும் எனக்குத் தெரியும், புர்மகானோடது. ஜெயிச்சவனும் இல்ல, தோத்தவனும் இல்ல. கழுகு கழுகு வீட்டுக்குப் போகட்டும், நாய் நாய் வீட்டுக்குப் போகட்டும்."

எசென்குலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒமுராலி தரையில் உட்கார்ந்து நாயைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான். அவனும் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை போலிருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது கராகோஸ் கையில் கனமாக உட்கார்ந்திருந்தது. அந்தக் கனம் எசென்குலுக்கு இவ்வளவு சந்தோஷமாக ஒருநாளும் இருந்ததில்லை.

"பந்தயம் உனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க குதிரையைத் திருப்பறதுக்குள்ள ஒமுராலி பொண்டாட்டி போன்ல அழுதுட்டா. 'என் நாய் போயிடும் அக்கா'ன்னா. 'அழாதே, திங்கட்கிழமை காலைல நரியோட அவரைப் பாலத்து வழியா அனுப்பு'ன்னேன்."

எசென்குல் பாதையிலேயே நின்றுவிட்டான். அப்புறம் சிரித்தான். வேறு என்ன செய்ய? "நீ நல்லா இருக்கணும்டி. என் கழுகைக் காப்பாத்திட்டே" என்று மனசாரச் சொன்னான். பிறகு, இதுதான் சமயம் என்று மெதுவாக இழுத்தான். "ஆமா, தொப்பி தைக்க என் தலை அளவு எடுக்கணுமில்ல?"

"எதுக்கு? இந்த நரி எனக்கு. அடுத்த நரி ஒமுராலி பொண்டாட்டிக்கு. பேசி வச்சாச்சு."

"அதுக்கடுத்தது?"

"அது உங்களுக்குத்தான்" என்றாள் புர்மகான். "பாலத்துல எங்க அண்ணன் கேக்காம இருந்தா."