தடித்த எழுத்தில் சுரேந்தர்

ஏழு பேர் இருக்கவேண்டிய கம்ப வரைபடத்தில் நான்கு பேர்தான் இருந்தார்கள். இடையிடையே நின்ற மூன்று கம்பங்களுக்குக் கீழே பெயரே இல்லை. அவற்றுள் மிக உயரமான கம்பம் சுரேந்தருடையது.

ஓசூர் சிப்காட்டில் பிரேக் உதிரிபாகம் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் ஒப்பந்த ஊழியர் எழுவரில் ஒருவரை நிரந்தரமாக்குவதும் ஒருவரை நிறுத்துவதும் அன்று முடிவாக இருந்தன. வருகை நாட்களே அளவுகோல். அக்காவின் திருமணத்தன்றும் தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் உட்காராமல் ஷிப்டுக்கு ஓடிவந்தவன் சுரேந்தர். கணினி தெரிந்தவன் என்பதால் வரைபடமும் அவன் தலையில் விழுந்தது. எந்தக் கோளாறால் எத்தனை பொருள் வீணானது என்று காட்டும் வரைபடங்கள் சுவரெங்கும் ஒட்டியிருந்தன. அவற்றின் அச்சிலேயே இதையும் அமைத்திருந்தான்.

"என்னப்பா, உம் பேரையே முழுங்கிட்ட?" என்றார் மேற்பார்வையாளர் பிரதாப். "டைரக்டர் அத்திப்பள்ளி தாண்டிட்டாராம், இப்ப வந்துருவாரு."

"இடம் பத்தல சார். எக்செல்லே ஒண்ணு விட்டு ஒண்ணு பேரை விட்டுருது."

"எழுத்தைச் சின்னதாக்கு."

சிறிதாக்கினான். ஏழு பெயர்களும் வந்தன. ஒன்றையும் படிக்க முடியவில்லை.

"எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு. அந்தாளு கண்ணாடி போட்டாலே பாதிதான் படிப்பாரு. பெருசாக்கு."

பெரிதாக்கியதும் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. செங்குத்தாக நிறுத்தினான். 'ராயக்கோட்டை முனிசாமி'யும் 'குந்தாரப்பள்ளி முனிசாமி'யும் நீண்டு நின்று இடத்தை விழுங்க, கம்பங்கள் பல்குச்சி அளவுக்குக் குறுகின.

"ஊரை வெட்டிவிடுப்பா."

"வெட்டினா ரெண்டு முனிசாமியும் என்னை வெட்டுவாங்க சார். போன மாசம் அவரு போட்ட லீவு இவரு கணக்குல ஏறிப்போச்சு."

அது உண்மைதான். ஆகவே ஊர்களை அப்படியே விட்டுவிட்டு, மேலே இருந்த 'வருகை நாட்கள்' என்ற தலைப்பை நீக்கினான். கம்பங்கள் மூச்சுவிட்டு நிமிர்ந்தன.

அத்துடன் நிறுத்தியிருக்கலாம். தன் பெயரை மட்டும் சிவப்பாக்கினான். கறுப்பு மை மட்டுமே அறிந்த பிரிண்டர் அதைச் சாம்பலாக்கித் தந்தது. தடித்த எழுத்தாக்கினான். அடக்கம் ஒரு கணம் தடுத்தது. உண்ணாமல் விட்ட பந்தி நினைவுக்கு வந்தது. அளவையும் கூட்டினான்.

அதற்குள் மூன்றாவது லைன் நின்றுபோனதாகச் செய்தி வர, டைரக்டர் அறைக்குத் தேநீர் கொண்டுபோன நாராயணம்மாவின் தட்டிலேயே தாளைச் செருகிவிட்டு ஓடினார் பிரதாப். "டீயோட இதையும் குடுத்துரும்மா. லீவு விஷயம்னு சொன்னா அவருக்கே தெரியும்."

சுரேந்தர் தாழ்வாரத்தில் காத்து நின்றான். மழை வருவதுபோல் இருண்டிருந்தது, வரவில்லை. கடைசியில் கதவு திறந்து நாராயணம்மா வந்தார்.

"அம்மா, என் பேரைப் பாத்தாரா?"

"பாத்தாருப்பா. இருக்கறதுலயே உசரமானதுன்னு வெரல் வெச்சு மேனேஜருக்குக் காட்டினாரு. கன்னடத்துல பேசினாங்க, எனக்கு வெளங்குச்சு."

அவன் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "என்னம்மா சொன்னாரு?"

நாராயணம்மா கேட்காமலே ஒரு தேநீரை ஊற்றி அவன் கையில் வைத்தார்.

"நாளையிலருந்து வர வேணாங்கறாரு, தெனமும் நாந்தான உனக்கு டீ குடுக்கறேன், நீ இம்புட்டு லீவு போட்டிருக்கறது எனக்கே தெரியாமப் போச்சே சாமி."