மீசையை எடு, காதல் வரும்

காதலிக்கிறவன் ஓர் இனம். காதலில் அடிபட்டவன் இன்னோர் இனம். இரண்டிலும் சேராமல், பக்கத்தில் நின்றுகொண்டு "அப்படியில்லை, இப்படி" என்று கையைக் கையை ஆட்டுகிறானே, அவன் மூன்றாவது இனம். காதல் டைரக்டர் என்று பேர் வைத்திருக்கிறேன். இன்றைக்கு அவர்தான் நமக்குச் சாப்பாடு.

வளைகுடாவில் எந்தத் தொழிலாளர் கேம்ப்புக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். ஏசி ஓடாது, பாத்ரூமில் தண்ணீர் வராது, ஆனால் காதல் டைரக்டர் ஒருவர் கட்டாயம் இருப்பார். ஃபர்வானியாவில் ஒருவரைப் பார்த்தேன். யான்புவில் ஒருவரோடு ஒரே ரூமில் குப்பை கொட்டினேன். அவர்களெல்லாம் சில்லறை. அல் ஐனில் எங்களுக்கு வாய்த்த கதிர்காமு அண்ணன்தான் மொத்த வியாபாரி.

யாழ்ப்பாணத்துக்காரர், எலக்ட்ரீஷியன். எவனாவது ஃபோனோடு போர்வைக்குள் நுழைந்தால் இவருக்கு இருமல் வரும். இருமிக்கொண்டே அவன் கட்டிலில் வந்து உட்கார்ந்து, காதைப் போர்வையோரம் வைத்து, "மெல்லமாய்க் கதை, அவசரப்படாதை" என்று அவன் பெண்டாட்டியிடம் அவன் பேச வேண்டியதை அவனுக்கே சொல்லிக்கொடுப்பார். காலையில் சைட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறியதும், "இரவு என்ன கனவு கண்டனி?" என்று சீட் சீட்டாக விசாரணை. லீவு கிடைத்ததாகக் கனவு கண்டால் காதல். ஃபோர்மேன் துரத்தியதாகக் கனவு கண்டால் அதுவும் காதல். கனவே வரவில்லை என்றால்? முற்றின காதல்.

இந்த ஞானம் எங்கிருந்து வந்தது? அபுதாபியில் ஓர் அரங்கத்துக்கு லைட் வேலைக்குப் போனவர், ஏணி மேல் உட்கார்ந்து வெள்ளைக்காரர்கள் போட்ட நாடகம் ஒன்றைப் பார்த்துவிட்டார். ஐரோப்பாவில் நானூறு வருஷத்துக்கு முந்தின சிரிப்பு நாடகமாம். ஒரு பெண்ணைக் கிழவனுக்குக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள். அவள் ஆண் வேஷம் போட்டு, மீசை ஒட்டிக்கொண்டு ஓடுகிறாள். காதலன் மரத்தடியில் தூங்கி அவளைக் கனவில் காண்கிறான். விழித்துப் பார்த்தால் அவளே நிற்கிறாள், ஆனால் மடையனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளைப் பற்றி அவளிடமே அழுகிறான். நடுவில் அவள் செத்துவிட்டதாகச் சேதி. கடைசியில் எல்லோருக்கும் கல்யாணம். பாஷை ஒரு வார்த்தை புரியவில்லை என்று அவரே சொன்னார். ஆனால் காதல் முழுக்கப் புரிந்துவிட்டதாம்.

தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் எங்கள் கேம்ப்புக்கும் கொஞ்சம் நேரம் ஒதுக்கினார்கள். அண்ணன் அந்த நாடகத்தையே தமிழில் போடுவதென்று முடிவு கட்டினார். பெண்ணுக்கு எங்கே போவது? அந்தக் காலத்தில் அங்கேயும் பெண் வேஷத்தை ஆண்பிள்ளைகளே போட்டார்களாம். எங்கள் கேம்ப்பில் இன்னும் அந்தக் காலம்தான்.

கதாநாயகியாகச் சிக்கியவன் பாண்டித்துரை. கம்பி கட்டுகிற பையன், முதுகுளத்தூர்ப் பக்கம். முகம் வழுவழுப்பு, மீசை மட்டும் கெடா மாதிரி. சந்தியா என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தது. பங்குனியில் கல்யாணம். ராத்திரிச் சோறு இல்லாவிட்டாலும் இருப்பான், அவளோடு பேசாமல் இருக்கமாட்டான்.

"மீசைய மட்டும் கேக்காதீகண்ணே" என்று கெஞ்சினான்.

"மீசை திரும்ப முளைக்கும் தம்பி. கலை முளைக்குமோ?"

கொத்தனார் முனியசாமிக்கு ஒரு நியாயமான சந்தேகம். பெண் எப்படியும் மீசை ஒட்டிக்கொள்ளப் போகிறாளே, இருக்கிற மீசையோடு விட்டால் என்ன? முதல் காட்சியிலேயே பெட்டை மீசையோடு நின்றால் சனத்துக்கு என்ன விளங்கும் என்று அண்ணன் அடக்கிவிட்டார். ஆக, ஒட்டு மீசை வைப்பதற்காக ஒரிஜினல் மீசை போனது.

பாண்டித்துரை அன்று முதல் வீடியோ கால் போடவில்லை. குரல் மட்டும். புத்திசாலித்தனமாகத்தான் இருந்தான். டைரக்டர் விடுவாரா? காதலி எந்த வேஷத்திலும் காதலனை அறிய வேண்டும், அதுதான் பரீட்சை என்றார். ஒரு வெள்ளிக்கிழமை ஒத்திகை முடிந்து, பவுடரையும் கண்மையையும் சோப்புப் போட்டுக் கழுவி, கண் சிவந்து நீர் வடிய, தோளில் வெள்ளைத் துண்டோடு வந்தவனைப் பிடித்து உட்காரவைத்தார்.

"வீடியோவைப் போடு. வாயைத் திறவாதை. பெருமூச்சு மட்டும் விடு. ஏக்கம் தெரியோணும்."

ஃபோனை எடுத்தது சந்தியாவின் அம்மா. பார்த்தார். பக்கத்தில் சந்தியாவும் பார்த்தாள்.

"ஐயோ மாப்ள, எப்ப?"

பாண்டித்துரை பெருமூச்சு விட்டான்.

"எப்பன்னு கேக்குறேன்ல?"

அண்ணன் ஃபோனுக்குப் பின்னாலிருந்து சைகை காட்ட, இன்னும் நீளமாக ஒரு பெருமூச்சு. அந்த நேரம் பார்த்து, இந்த ஊர் வழக்கப்படி, வீடியோ கால் அறுந்துபோனது.

எங்கள் பக்கம் அப்பன் உயிரோடிருக்கும்போது மகன் மீசையை எடுக்கமாட்டான். எடுத்தான் என்றால் அப்பன் போய்விட்டான் என்று அர்த்தம். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது தெரியாது, விடுங்கள். எங்களுக்குத் தெரியுமே? தெரிந்தும் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. டைரக்டர் நிற்கிற இடத்தில் மற்றவன் மூளை வேலை செய்யாது.

அங்கே என்ன நடந்தது என்று பிறகுதான் தெரிந்தது. சம்பந்தி வீட்டார் வேன் பிடித்து, மாலையும், பிணத்துக்குப் போர்த்துகிற கோடி வேட்டியும் வாங்கி, தெருமுனையிலேயே ஒப்பாரியைத் தொடங்கி, பாண்டித்துரையின் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறார்கள். பாவம் அந்தம்மா, அவர்கள் பக்கம் யாரோ போய்விட்டார்கள் என்று எண்ணித் தானும் சேர்ந்து அழுதிருக்கிறது. உள்ளே கறிச்சோறு தின்றுகொண்டிருந்த ராமையா, அதாவது செத்துப்போன அப்பன், எச்சில் கையோடு வெளியே வந்து, "யாருப்பா செத்தது?" என்று கேட்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? பாண்டித்துரை சிரிக்கவில்லை. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மீசையை எடுத்த பயலுக்குக் கல்யாணம் ஒரு கேடா என்று அப்பன் ஃபோனில் குதித்தார். சகுனம் சரியில்லை, வேறு இடம் பார்க்கலாம் என்று சந்தியாவின் மாமன் ஆரம்பித்தார். பையன் சோறு தின்னாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

அண்ணன் முகத்திலோ பொங்கல் பொங்கிவிட்டது. "பாத்தீங்களோ? செத்ததாய்ச் சேதி வாறது மூண்டாம் அங்கம். பிசகாமல் நடக்குது."

"செருப்பு எந்த அங்கத்துலண்ணே வருது?" என்றான் முனியசாமி.

மறுநாள் சந்தியாவே கூப்பிட்டாள். டைரக்டர் எதிரே வந்து நின்று, கனவு, நிலா, உயிர் என்று உதட்டை அசைத்து வசனம் எடுத்துக்கொடுத்தார். பாண்டித்துரை முதல் தடவையாக அவருக்கு முதுகைக் காட்டினான்.

"நாடகத்துல பொம்பள வேசம் போடுறேன் சந்தியா. அதுக்குத்தான் மீசைய எடுத்தேன். வேற ஒண்ணுமில்ல."

நாங்கள் எல்லோரும் ஃபோன் பக்கம் காதை நீட்டினோம்.

"சேலை கட்டுவீகளா?"

"கட்டுவேன்."

"நான் பாக்கணும்."

அதோடு விடவில்லை அந்தப் பெண். அன்றைக்கே ராமையாவுக்கு ஃபோன் போட்டு, "செத்ததாச் சேதி பரவுனா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாக மாமா. எங்க வீட்டால உங்களுக்கு ஆயுசு கூடியிருக்கு. அதுக்கா கோவிக்கிறீக?" என்று கேட்டிருக்கிறாள். கிழவர் யோசித்துப் பார்த்தார். கொண்டுவந்த கோடி வேட்டியைத் திருப்பித் தரமுடியாது, அதைக் கட்டிக்கொண்டுதான் கல்யாணத்துக்கு வருவேன் என்றார். சகுனம் சொன்ன மாமனும் அடங்கிவிட்டார். செத்தவனே சம்மதித்த பிறகு சகுனம் பார்க்க ஆள் ஏது?

விழாவில் காதல் காட்சியில் ஒட்டு மீசை ஒரு பக்கம் கழன்று உதட்டில் தொங்கியது. முனியசாமி தூக்கிப் பிடித்த ஃபோனில் இரண்டு வீடும் விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கென்று வீடியோ கால் அறுந்துபோகவில்லை.

"எல்லாம் நான் நினைச்சபடிதான் முடிஞ்சது" என்றார் கதிர்காமு அண்ணன். சொல்லி வாய் மூடவில்லை, ஊரிலிருந்து அவர் மனைவி சுகந்தா அக்கா கூப்பிட்டார். "ம்... ஓம்... சாப்பிட்டன்... சரி, வை." அவ்வளவுதான் அவர் காதல். ஃபோனைப் பையில் போட்டுவிட்டு முனியசாமி கட்டிலைப் பார்த்து நடந்தார், இருமிக்கொண்டே.

இந்த ஆளை எனக்குத் தெரியுமே என்று தலையாட்டுகிறீர்கள். ஆட்டுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த வீடியோ கால் இடத்துக்கு வந்தபோது, "மடப்பயலே, மூக்குக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி ஃபோனைப் பிடிக்க வேண்டியதுதானே" என்று மனசுக்குள் சொன்னீர்களா இல்லையா? காதல் டைரக்டருக்கு முதல் இருமல் அப்படித்தான் வரும். போகட்டும், உங்கள் வீட்டு ஃபோன் அடிக்கிறது. எடுத்ததும் ‘சரி, வை’ என்று சொல்லாதீர்கள்.