குட்டையை அளக்க வந்த மாப்பிள்ளை

மனித முகத்தை ஒழுங்காகப் படம் எடுக்க வராதவர்களுக்கென்றே ஒரு கலை இருக்கிறது. தண்ணீரில் விழுகிற பிம்பத்தை மட்டும் எடுத்து, எது என்னவென்று யாருக்கும் புரியாமல் செய்துவிடுவது. அப்ஸ்ட்ராக்ட் என்பார்கள். அக்கா கல்யாணத்தில் நான் எடுத்த எந்தப் படத்திலும் அக்காவுக்குத் தலை இல்லை என்று தெரிந்த பிறகு, அந்தக் கலைக்கு மாறிக்கொண்டேன்.

ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் தர ஆய்வு எனக்கு வேலை (நெளிந்ததைத் தள்ளிவிட வேண்டும். லீவு நாளில் நெளிந்ததையே தேடித் தேடி எடுத்தேன்). சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். தண்ணீரை லாரியில் பார்த்து வளர்ந்தவனுக்கு ஓசூரை ஒட்டிய கெலவரப்பள்ளி அணையைப் பார்த்தால் புத்தி தடுமாறத்தானே செய்யும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தளிக்குப் பக்கத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அதற்கு முன் பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் கேமராவை விற்றுவிடுவதென்று அப்பா முடிவு செய்திருந்தார். வேலை நிரந்தரம் என்று தெரியட்டுமே என்று அக்கா என் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையை மாட்டிவிட்டாள். வேன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டது. நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். அது முடிந்துதான் வீட்டுக்குள் நுழைவது என்று ஊருக்கு வெளியே வேனை நிறுத்தினார்கள். எல்லோரும் தூங்கினார்கள். நானும் தூங்கியிருக்கலாம்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பண்ணைக்குட்டை. கொடியில் காய்ந்த சிவப்புச் சேலையும் பசுமைக்குடிலின் வெள்ளைக் கூரையும் தண்ணீருக்குள் நெளிந்துகொண்டிருந்தன. இந்தப் பக்கம் நாலு எட்டு வைத்துக் குனிந்தேன். அந்தப் பக்கம் நாலு எட்டு வைத்துக் குனிந்தேன். முழங்கால் வரை சேறு.

மண்வெட்டியோடு ஒருவர் வந்து கன்னடத்தில் ஏதோ கேட்டார். சிரித்துவைத்தேன். கழுத்து அட்டையைப் படித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"கம்பெனிக்கு நெலம் அளக்க வந்தியா?"

இல்லை, தண்ணீரைப் படம் எடுக்கிறேன் என்று காட்டினேன். சிவப்பும் வெள்ளையும் கோடுகோடாக ஒரு படம். அடுத்ததில் அதே கோடுகள் கொஞ்சம் வளைந்து.

"இதுல தண்ணி எங்கய்யா இருக்குது?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அன்று இருப்பதாக நினைத்து, பார்க்கிறவனுக்குப் புரியாமல் எடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது என்று விளக்கினேன். அவருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. கேமராவைப் பிடுங்கிக்கொண்டு, சட்டையைப் பிடித்து, தோட்டத்துச் சொந்தக்காரரான தன் அண்ணன் வீட்டுக்கு இழுத்துப் போனார். வேனில் கண் விழித்த அம்மா, மகன் ராகு காலத்தில், சேற்றுக்காலோடு, பெண் வீட்டுக்குள் நுழைவதைப் பார்த்தாள்.

ஆமாம், அதுதான் பெண் வீடு. இழுத்து வந்தவர் பெண்ணின் சித்தப்பா ராமப்பா. (என் போட்டோ முன்பே அவர்களுக்குப் போயிருந்தது. நானே எடுத்ததால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.)

பின்னாலேயே ஓடிவந்த அப்பா விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். கிளம்புகிறோம் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது, பெண்ணை நினைத்தா கேமராவை நினைத்தா என்று தெரியவில்லை. அப்போது யாரும் கூப்பிடாமலே பெண் மஞ்சுளா வெளியே வந்து, சித்தப்பா கையிலிருந்த கேமராவை வாங்கிப் பார்த்தாள்.

"இது எங்கம்மா சேல, சித்தப்பா. முந்தானையில இருக்கற கறகூட தெரியுது. நெலம் அளக்க வந்தவரு சேலைய எதுக்கு எடுக்கறாரு?"

குற்றம் நிலத்திலிருந்து சேலைக்கு மாறியதே தவிர, எனக்கு நிம்மதி வரவில்லை. பிறகு அவள் சிரித்தாள். கிளம்புகிறோம் என்ற அப்பா உட்கார்ந்துவிட்டார்.

இப்போது எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள். அந்தப் படம் மாமனார் வீட்டு ஹாலில் தொங்குகிறது. ராமப்பா சித்தப்பா வரும்போதெல்லாம் அதற்கு முன்னால் நின்று தண்ணீரைத் தேடுகிறார். ராகு காலம் என்ற சொல் மட்டும் அந்த வீட்டில் அடியோடு வழக்கொழிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நாங்கள் ஓசூருக்குக் கிளம்பியபோது மாமியார் மஞ்சுளாவை வாசலிலேயே நிறுத்தினார்.

"இரும்மா, மாப்பிள்ள நேரம் முடியட்டும். அப்பறமா கெளம்புவீங்க."